கலெக்டர் வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? வீடியோ பார்த்து வரலாறு படித்த அனுபவம்

நீலகிரி வரலாறு என்று யூடியூபில் தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் 1819-ல் தொடங்குகின்றன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார், ஊட்டியைக் கண்டுபிடித்தார், பங்களா கட்டினார், ஏரி அமைத்தார் என்று கதை போகும். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. ஆள் குடியிருக்கிற ஊரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும்போது படுகர் ஊர்களிலிருந்து வெள்ளை ஜாக்கெட் துணி வந்து குவியும். கோத்தர் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கோத்தகிரிக்குப் பெயரே அவர்களால் வந்ததுதான். இவர்களெல்லாம் எத்தனை காலமாக இங்கே இருக்கிறார்கள் என்பதை அந்த வீடியோக்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தேட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் எனக்கு வருஷங்களை மனப்பாடம் செய்கிற பாடம். ஐம்பதை நெருங்கும் வயதில் அதே வருஷங்களை நானே தேடிப் போனது எனக்கே சந்தோஷமாக இருந்தது. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே ஏதாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். யூடியூப் அடுத்தடுத்து எடுத்துக் கொடுப்பதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்குச் சோழர், நாளைக்கு எகிப்து, மறுநாள் டைட்டானிக் என்று போய்க்கொண்டே இருக்கும். பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் யோசித்தால் ஒன்றும் தங்கியிருக்காது. கேள்வி ஒன்று இருந்தால் அதற்குப் பதில் சொல்லாத வீடியோவைப் பாதியில் மூட மனசு வரும். என் கேள்வி சின்னதுதான்: 1819-க்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள், அது எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியோடு ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் போக, வருஷங்கள் பின்னோக்கி நகர்ந்தன. சல்லிவன் வந்ததற்கு முந்தைய வருஷம், 1818-ல், அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மலைக்கு வந்து திரும்பியிருக்கிறார்கள். 1812-லேயே கீஸ் என்ற நில அளவையாளர் ஏறிப் பார்த்திருக்கிறார். அதற்கும் இருநூறு வருஷம் முன்னால், 1603-ல், மலபார்ப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் வந்து தொதவர்களையும் (தோடர்கள் என்றும் சொல்வார்கள்) படுகர்களையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இன்னும் பின்னால் போகலாம் என்பது கர்நாடகக் கல்வெட்டுகளைப் பற்றிய ஓர் உரையில் தெரிந்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தொதவர்களை அஞ்ச வைத்து நீலமலைக்குள் நுழைந்தான் என்று சாமராஜநகரில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதைக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டேன். 1819-லிருந்து பார்த்தால் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மலையின் பெயரும் அதில் இருந்த மக்களின் பெயரும் கல்லில் ஏறியிருக்கின்றன.

இவ்வளவையும் ஒரே வீடியோ சொல்லவில்லை. ஒன்று பாதிரியாரோடு நிற்கும், ஒன்று கல்வெட்டோடு நிற்கும். சேர்த்துப் பார்ப்பது நம் வேலை. அதற்கு நான் வைத்திருப்பது அளவு நோட்டின் பின்பக்கம். முன்பக்கம் வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, கை அளவு. பின்பக்கத்தில் இடது புறம் வீடியோவில் சொன்ன தகவல். வலது புறம் அது எதை வைத்துச் சொல்லப்பட்டது. கல்வெட்டா, கடிதமா, அகழாய்வா, இல்லை சும்மா ‘சொல்லப்படுகிறது’தானா? ஒரு வீடியோ முழுக்கப் பார்த்தும் வலது புறம் காலியாகவே இருந்தால் அந்தச் சேனலுக்கு நான் மறுபடி போவதில்லை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் நம்மிடம் இருக்கிற நேரம் கொஞ்சம்தான்.

வலது புறம் எப்படி நிரம்ப வேண்டும் என்பதைக் கீழடி பற்றிய நல்ல வீடியோக்களில்தான் கற்றுக்கொண்டேன். ‘மிகப் பழமையானது’ என்று சொல்லிவிட்டு அவை கடந்து போவதில்லை. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியை அமெரிக்க ஆய்வகத்தில் கரிமப் பகுப்பாய்வு செய்தார்கள், அது கி.மு. 580 என்று வந்தது, தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அதை அறிக்கையாக வெளியிட்டது என்று படிப்படியாகச் சொல்கின்றன. எந்தப் பொருள், எவ்வளவு ஆழம், யார் சோதித்தது, எப்போது வெளியானது என்ற நாலையும் கேட்டுப் பழகிவிட்டால் ‘பத்தாயிரம் ஆண்டு ரகசியம்’ என்று தலைப்பு வைக்கிற வீடியோக்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

அப்புறம், எதைக் காதால் கேட்கலாம், எதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வது. ஒரு மணி நேர உரை என்றால் இயர்போனை மாட்டிக்கொண்டு தைத்தபடியே கேட்டுவிடுவேன். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன் அரங்கில் நடக்கும் உரைகளைப் பதிவேற்றுகிறது. பேசுகிறவர் அவசரமில்லாமல் பேசுவார், ஆதாரத்தையும் சொல்வார். கல்லூரிப் பாடம் மாதிரி வரிசையாக வேண்டும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. பாடத்தை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் நான் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து வைத்துக் கேட்பேன். திரையின் அடியில் தானாக ஓடும் எழுத்துகளைப் பெயர்கள் விஷயத்தில் நம்பக் கூடாது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அதில் கன்னாபின்னாவென்று வரும். அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடிச் சரிபார்த்துக்கொள்வேன்.

கண்ணால்தான் பார்க்க வேண்டியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மலை ரயில். குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் ரயில் வந்தது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் இங்கே பிறந்தவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏறுகிற தண்டவாளத்தில் சக்கரம் எப்படி வழுக்காமல் நிற்கிறது என்று யாராவது கேட்டால், நடுவில் பல் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓர் அசைபட வீடியோ அதைப் புரிய வைத்தது. நடுவில் ஓடுவது ஒற்றைப் பட்டை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் நிற்கிற இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம். அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்கும். இன்ஜினில் இரண்டு ஜோடி சிலிண்டர். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்துக்கு, இன்னொரு ஜோடி பல்சக்கரத்துக்கு. ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். இதை நாலு பக்கம் எழுதினாலும் எனக்கு ஏறியிருக்காது. ஓட விட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி ஓட விட்டுப் பார்த்தேன். அடுத்த முறை குன்னூர் போனபோது நடைமேடையிலிருந்து குனிந்து பட்டைகளைப் பார்த்தேன். பற்கள் வீடியோவில் காட்டியபடியே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன.

பார்த்ததை இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடிவது மலையில் இருக்கிற எங்களுக்குப் பெரிய வசதி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவன் தங்கிய பங்களாவைச் சீரமைத்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. புனித ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவியும் ஒரு மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறை முன்னால் நின்றபோது, மலையைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்பட்ட மனிதர், இங்கே வந்து குடும்பத்தில் இருவரைப் பறிகொடுத்தவராகவும் எனக்குத் தெரிந்தார். சல்லிவனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமே இல்லை. கதையை அவரிடமிருந்து மட்டும் தொடங்குவதுதான் தப்பு.

போகக் கூடாத இடங்களும் உண்டு. கரிக்கையூர்ப் பக்கம் காட்டுக்குள் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வழியை அடிக்கு அடி காட்டி, ‘யாருக்கும் தெரியாத குகை’ என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவியங்கள் மேல் கிறுக்கிச் சேதப்படுத்தியது செய்தியாகவே வந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் மழையைத் தாங்கிய ஓவியத்துக்கு ஒரு ஆணி போதும். அந்த மாதிரி வீடியோக்களை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அனுப்பி வைப்பவர்களிடமும் ஏன் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிடுவேன். வனத்துறை அனுமதியும் அங்கே குடியிருக்கும் இருளர்களின் சம்மதமும் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

தொதவர் பூவேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது என் தொழில் சம்பந்தப்பட்டது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் பட்டையாக ஓடும். வேலைப்பாடும் அதே இரண்டு நிற நூலில். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைப் பற்றிப் பல வீடியோக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை போர்வையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு எருமைக்குப் போய்விடும். ஒன்றில் மட்டும் கேமரா ஓர் அம்மாவின் விரல்களை விட்டு நகரவில்லை. துணியில் பென்சில் கோடு கிடையாது, மாதிரி அச்சு கிடையாது, நாங்கள் ஆரி வேலைக்குக் கட்டுகிற மாதிரி சட்டமும் கிடையாது. இடது கை விரலில் துணியை லேசாக மடித்துப் பிடித்து, நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை உள்ளே விட்டு எடுக்கிறார். எண்ணிக்கை முழுக்க மனதில்தான். ஊசி வெளியே வரும் இடத்தில் நூலை இறுக்கி இழுக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுகிறார், அதனால் துணியின் மேல் வேலைப்பாடு புடைத்து நிற்கிறது. இத்தனை வருஷம் ஊசி பிடித்த கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்த வீடியோவுக்குப் பின்னணிக் குரலே கிடையாது. எனக்கு அதுதான் இதுவரை பார்த்ததில் சிறந்த பாடம்.

இதைப் பார்த்ததில் வேறொரு பலனும் கிடைத்தது. இப்போது கணினியே உருவாக்கிய படங்களையும் கணினிக் குரலையும் வைத்து வரலாற்று வீடியோக்கள் மளமளவென்று வருகின்றன. ஒன்றில் ‘பண்டைய தொதவர்கள்’ என்று காட்டிய படத்தில் போர்வை நிறையப் பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கொடி ஓடுகிறது. பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. அவரவர்க்குத் தெரிந்த தொழிலிலிருந்து பார்க்கத் தொடங்கினால் பொய்ப் படம் சீக்கிரம் பிடிபடும். விவசாயம் தெரிந்தவர் ஏரைப் பார்க்கலாம், கொத்தனார் சுவரைப் பார்க்கலாம், சமைக்கிறவர்கள் பாத்திரத்தைப் பார்க்கலாம். அரைவட்டக் கூரை போட்ட ஒரு குடிலைக் காட்டி, ‘தொதவர்கள் இதில்தான் வாழ்கிறார்கள்’ என்று சொல்லும் வீடியோக்களும் உண்டு. அந்த வடிவத்தில் இன்றைக்கு நிற்கிறவற்றில் கோயில்களும் இருக்கின்றன. குடும்பங்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஓட்டு வீட்டிலும் தளம் போட்ட வீட்டிலும்தான் இருக்கிறார்கள். அந்தச் சமூகத்து ஆள் ஒருவர் வாய் திறந்து பேசாத வீடியோ என்றால், என் நோட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன்.

தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்ந்து பார்ப்பது நல்லது என்பதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து டிவியில் போட்டுப் பார்ப்போம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், சிக்னலும் போகும். அதனால் முன்னாடியே பதிவிறக்கி வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு அம்மாயி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். ஒரு வாரம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய வீடியோ. 1964 அக்டோபரில் இந்திய அரசும் இலங்கை அரசும் உட்கார்ந்து, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்றைக்கு நாம் டேன்டீ என்று சொல்வது அதுதான். ‘தாயகம் திரும்பினார்கள்’ என்று வீடியோவில் குரல் சொன்னதும் அம்மாயி நிறுத்தச் சொன்னார்.

“நான் பொறந்ததே அங்கதானம்மா. எங்கம்மா பொறந்ததும் அங்கதான். நான் எங்க திரும்பி வந்தேன்? புதுசாத்தான் வந்தேன்.”

அப்புறம் அரை மணி நேரம் டிவி ஓடவே இல்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடிக்கும் சத்தம், தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் வெயில் தாங்காமல் தவித்தது, முதல் முறை கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்தைப் பார்த்ததும் அழுதது என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த அவர் பேத்தி இதெல்லாம் எனக்கே தெரியாதே என்றாள். அந்த வீடியோ நல்ல வீடியோதான். எண்களும் வருஷங்களும் சரிதான். ஆனால் பேசியவர்களில் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்த வீடியோவானாலும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. நிறுத்தி, இதில் யாருக்காவது சொந்தமாகத் தெரிந்தது இருக்கிறதா என்று கேட்போம். ஒரு நாள் உருளைக்கிழங்கு, ஒரு நாள் கோத்தர்களின் மண்பாண்டமும் இசையும், ஒரு நாள் இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தில் கல் அடுக்கிக் கட்டிய கல்வட்டங்கள். மலையின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் அந்தக் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மூடிகள் மேல் எருமையும் மற்ற விலங்குகளும் மண்ணில் செய்து உட்கார வைத்த பானைகளைப் படத்தில் காட்டியபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர், அந்த எருமையின் கொம்பு இன்றைக்கு மேய்கிற தொதவர் எருமையின் கொம்பு மாதிரியே வளைந்திருக்கிறது என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. கேள்வியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது அம்மாயி பேசுவதை நாங்களே பதிவு செய்துகொண்டிருக்கிறோம். இதற்குப் பெரிய கேமரா எல்லாம் தேவையில்லை, போன் போதும். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கேட்டவுடனே ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றால் வயதானவர்கள் திகைத்துப்போவார்கள். எந்த எஸ்டேட், எத்தனாம் நம்பர் மலை, வேலையை மேற்பார்த்த கங்காணி யார், என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும். ஓட்டுக் கூரையில் மழை அடிக்கும் நாளில் பதிவு வேண்டாம், குரலே கேட்காது. போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துணியின் மேல் அவருக்குப் பக்கத்தில் வைத்தால் கரகர சத்தம் குறையும். நடுவில் நாம் திருத்தக் கூடாது. வருஷம் தப்பாகச் சொன்னாலும் சொல்லட்டும், சரியான வருஷத்தை நாம் பிறகு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். யாருக்கு அனுப்பலாம், யாருக்கு அனுப்பக் கூடாது என்பதை அவரிடமே கேட்டுவிட வேண்டும். அம்மாயி குடும்பத்துக்குள் மட்டும் போதும் என்றிருக்கிறார், அப்படியே வைத்திருக்கிறோம். தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். போன் மாறி, பைலின் பெயர் மாறிப்போனாலும் அந்த மூன்றும் குரலோடு இருக்கும்.